பின்னால் நின்றவர்கள்

செஞ்சி ஆற்றில் தோணி விடவேண்டும் என்று புறப்பட்டவர்கள் உலகத்திலேயே நாங்கள் நால்வராகத்தான் இருக்கவேண்டும்.

யோசனை எங்களுடையது அல்ல. பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நண்பருடையது. மேல்நாடுகளில் சிநேகிதர்கள் நாலு பேர் சேர்ந்து தோணியில் ஏறிக்கொள்கிறார்களாம். காட்டாற்றின் போக்கிலேயே போகிறார்களாம். பொழுது சாய்ந்தால் கரையில் கூடாரம் அடித்து, சுள்ளி பொறுக்கிச் சமைத்துச் சாப்பிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்தபடி உறங்கிவிட்டு, மறுநாள் மறுபடியும் தோணியில் ஏறுகிறார்களாம். இதை எங்கேயோ படித்துவிட்டு வந்து, "ஏன் ஐயா, நமக்கு மட்டும் ஆறு கிடையாதா?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் தேசப்படம் ஒன்றையும் விரித்துக் காட்டினார். செஞ்சிப் பக்கத்து மலைகளில் தொடங்கி, வளைந்து வளைந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேரும் ஒரு நீலக் கோடு அதில் இருந்தது. சங்கராபரணி என்பார்கள், வராக நதி என்பார்கள், செஞ்சி ஆறு என்றும் சொல்வார்கள்.

"மூன்று பெயர் இருக்கிற ஆற்றில் முழங்கால் அளவாவது தண்ணீர் இராதா?" என்றார் நண்பர்.

மாசி மாதத்தின் கடைசியில், ஒரு விடியற்காலையில், திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறிச் செஞ்சி போய்ச் சேர்ந்தோம். ஆற்றைக் கண்டோம். ஆற்றில் மணல் இருந்தது, ஆடுகள் இருந்தன, முட்செடிகள் இருந்தன. தண்ணீர் மட்டும் இல்லை. ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவரிடம் நண்பர் விஷயத்தைச் சொன்னார். பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"தோணியா? கார்த்திகையிலே வாங்க சாமி. மழை பெஞ்சா நாலு நாளு ஓடும். ஆனா அப்பத் தோணி விட முடியாது. இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்றார்.

தேசப்படம் வரைகிறவர்கள் எந்த மாதத்தில் வரைகிறார்கள் என்று விசாரிக்காமல் யாரும் பிரயாணம் கிளம்பக்கூடாது என்பது அன்றைக்கு நாங்கள் கற்ற பாடம்.

வந்தது வந்தோம், கோட்டையையாவது பார்ப்போம் என்று ராஜகிரியின் அடிவாரத்துக்குப் போனோம். செஞ்சிக் கோட்டை என்பது ஒரு கோட்டை அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதிலால் சேர்த்துக் கட்டிய ஒரு முக்கோணம். அவற்றில் உயர்ந்தது ராஜகிரி; ஏறத்தாழ 800 அடி. குன்று என்று சொல்லக் கூசும். மலை என்று சொல்லவும் தயக்கமாக இருக்கும். ராட்சதக் குழந்தைகள் பெரிய பெரிய பாறைகளை அடுக்கி விளையாடிவிட்டு, பாதியில் விட்டுப் போன மாதிரி இருக்கும். பிற்பகலுக்கு மேல் மலையேற விடமாட்டார்கள். இரவில் தங்கவும் முடியாது. ஆகவே கூடாரத்தைப் பற்றிய பேச்சும் அத்துடன் முடிந்தது.

மூன்றில் ஒரு பங்கு படி ஏறியிருப்போம். தோணி நண்பர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி. "நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்றார். எங்களோடு வந்தவர்களில் அதிகம் பேசாத ஒருவர் உண்டு. பள்ளிக்கூட ஆசிரியர். அவர் உடனே பக்கத்தில் உட்கார்ந்து, "குரங்குகள் அதிகமாக இருக்கின்றன. பையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள இவரால் ஆகாது. நான் இருக்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள்" என்றார். நாங்கள் சம்பிரதாயத்துக்கு இரண்டு தடவை மறுத்துவிட்டு, மேலே ஏறினோம்.

ஏற ஏற எனக்கு வேறு ஒரு பிரயாணம் நினைவுக்கு வந்தது. அதுவும் சிநேகிதர்கள் சேர்ந்து செய்ததுதான். காடும் ஆறும் கடந்து வந்ததுதான். அது இந்தச் செஞ்சியில் வந்து முடிந்தது. ஆனால் அவர்கள் நட்சத்திரங்களைப் பார்த்து ரசிப்பதற்காக வெட்டவெளியில் படுத்தவர்கள் அல்ல.

1689-ஆம் வருஷம். மராட்டிய மன்னர் சாம்பாஜி பிப்ரவரியில் முகலாயரிடம் பிடிபட்டார், மார்ச்சில் கொல்லப்பட்டார். சத்ரபதி சிவாஜி இறந்து ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் அரும்பாடுபட்டு உண்டாக்கிய ராஜ்யம் இனி ஒரு மாதம் தாங்குமா, இரண்டு மாதம் தாங்குமா என்ற நிலை. ஔரங்கசீப்பே பெரும் படையோடு தக்காணத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். சாம்பாஜியின் தம்பி ராஜாராம் ராய்கட் கோட்டையில் இருந்தார். வயது 19. அந்தக் கோட்டையையும் ஜுல்பிகார் கானின் படைகள் நெருங்கிக்கொண்டிருந்தன.

எல்லாரும் ஒரே கோட்டைக்குள் இருந்தால் எல்லாரும் ஒரே நாளில் அகப்படுவார்கள். ஆகையால் ராஜாராம் வெளியேறித் தப்பவேண்டும், தானும் தன் பிள்ளை சாகுவும் ராய்கட்டிலேயே இருப்போம் என்று சாம்பாஜியின் மனைவி யேசுபாய் முடிவு செய்தாள். கணவனை இழந்து சில வாரங்கள்கூட ஆகாத பெண் செய்த முடிவு இது. தன் மகனுக்கு உரிய பட்டத்தைக் கொழுந்தனுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் பின்னால் நின்றாள். அந்த வருஷக் கடைசியில் ராய்கட் விழுந்தது. தாயும் ஏழு வயது மகனும் முகலாயர் கையில் சிக்கினார்கள். சாகு விடுதலையானது 1707-இல். யேசுபாய் ஊர் திரும்பியது 1719-இல். முப்பது வருஷ வனவாசம்! ராமாயணத்துக்குப் பதினாலு வருஷம் போதுமானதாக இருந்தது.

ராஜாராம் பிரதாப்கட் வழியாகப் பன்ஹாளாக் கோட்டைக்குப் போனார். அங்கேயும் முற்றுகை வந்தது. இனி சகியாத்திரி மலைகளை நம்பிப் பயனில்லை. தெற்கே, சுமார் 800 கிலோமீட்டருக்கு அப்பால், தந்தை சிவாஜி 1677-இல் கைப்பற்றிப் பலப்படுத்தி வைத்துப் போன செஞ்சி இருந்தது. எப்போதோ ஒரு நாள் பிள்ளைகளுக்கு ஒதுங்க இடம் வேண்டியிருக்கும் என்று தகப்பனார்கள் ஊர்ப்புறத்தில் ஒரு காணி நிலம் வாங்கிப் போடுவதில்லையா? அப்படித்தான்.

செப்டம்பர் கடைசியில், ஓர் இரவில், ராஜாராம் பன்ஹாளாவிலிருந்து புறப்பட்டார். கூடப் பிரஹ்லாத் நிராஜி, கண்டோ பல்லாள் முதலிய நம்பகமான ஆட்கள். லிங்காயத்து யாத்திரிகர்களைப்போல் வேஷம் போட்டுக்கொண்டார்கள். இந்தப் பிரயாணத்தைப் பற்றிக் கேசவ பண்டிதர் என்பவர் சமஸ்கிருதத்தில் 'ராஜாராம சரிதம்' என்று ஒரு காவியமே எழுதியிருக்கிறார். எழுதியது வேறெங்கும் அல்ல, செஞ்சியில்தான். பிரயாணம் முடிந்த மறு வருஷமே எழுதிவிட்டார். புழுதி அடங்குவதற்கு முன்னால் எழுதிய சரித்திரம் அது. 1931-இல் புனாவில் அச்சாயிற்று.

அவர்கள் கிருஷ்ணையைத் தாண்டினார்கள், துங்கபத்திரையை அடைந்தார்கள். மழைக்காலம் ஓய்ந்து வரும் சமயத்தில் துங்கபத்திரை எப்படி இருக்கும் என்பதை அந்தப் பக்கம் போனவர்கள் அறிவார்கள். பாறைகளுக்கு நடுவே நுரைத்துச் சுழித்துக்கொண்டு ஓடும். அந்த ஆற்றுக்கு ஏற்ற ஓடம் பரிசல். கன்னடத்தில் ஹரிகோலு என்பார்கள். விஜயநகரத்துக்கு 1520-ஐ ஒட்டி வந்த டொமிங்கோ பாயஸ் என்ற போர்த்துக்கீசியர், கூடை மாதிரி வட்டமான அந்தப் பரிசலைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார். உள்ளே பிரம்புப் பின்னல், வெளியே தோல், ஒன்றில் பதினைந்து இருபது பேர் ஏறலாம், குதிரையையும் மாட்டையும்கூட ஏற்றலாம், துடுப்புப் போடப் போடச் சுற்றிக்கொண்டே போகும் என்கிறார். எங்கள் தோணி நண்பர் பிறக்கவேண்டிய ஊர் அதுதான்!

துங்கபத்திரையின் நடுவே, பிதனூர் ராஜ்ய எல்லையில், ஒரு தீவில் இவர்கள் இளைப்பாறினார்கள். அங்கேதான் ஆபத்து வந்தது. பீஜப்பூரிலிருந்து சையத் அப்துல்லா கான் இரவும் பகலும் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து தீவை வளைத்துக்கொண்டார். கைகலப்பு. சுமார் நூறு பேர் பிடிபட்டார்கள். ராஜாராமைப் பிடித்துவிட்டதாகப் பாதுஷாவுக்குச் செய்தியே போய்விட்டது. பிறகு பார்த்தால், பிடிபட்டவர் ராஜாராம் அல்ல, வேறொருவர். அந்த வேறொருவர் 'நான்தான்' என்று எவ்வளவு நேரம் நின்றாரோ, அவ்வளவு நேரம் ராஜாராமுக்கு ஓடக் கிடைத்தது. பிடிபட்டவர்களில் சிலர் பின்னால் சிறையிலிருந்து தப்பினார்கள். பலர் தப்பவில்லை.

பிதனூரை ஆண்டவள் கெளதி வம்சத்து ராணி சென்னம்மா. முகலாயரைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தன் நாட்டு வழியாக அவர்களைப் பத்திரமாகக் கடத்திவிட்டாள். அதற்காக அவள்மேல் படை வந்தது. கடைசியில் ஒரு சிறு அபராதத்தோடு சமாதானமாயிற்று. அவள் செய்த உதவியோடு ஒப்பிட்டால் அது சுண்டைக்காய்.

பிறகு பெங்களூர். இங்கே நடந்ததை மராட்டிய பகர் நூல்கள் விவரமாகச் சொல்லுகின்றன. பகர் என்பது மராட்டியர் வழக்கில் உள்ள கதைபோன்ற வரலாறு. யாத்திரிகர்கள் ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தபோது ஒருவர் காலை மற்றவர்கள் வெந்நீரால் கழுவிவிட்டார்களாம். யாத்திரிகன் காலை யாத்திரிகன் கழுவுவானா? பார்த்தவர்கள் சந்தேகப்பட்டுக் கன்னடத்தில் ஏதோ கிசுகிசுத்தார்கள். கூட்டத்தில் கன்னடம் தெரிந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், அவசர ஆலோசனை நடந்தது. "மகாராஜா இரண்டொருவரோடு இப்போதே கிளம்பட்டும். நாங்கள் இங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒன்றும் அறியாதவர்கள்போல் இருக்கிறோம்" என்பதுதான் முடிவு.

அப்படிப் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர் கண்டோ பல்லாள். முகலாய அதிகாரி ஆட்களோடு வந்து பிடித்தார். சவுக்கால் அடித்தார்கள். தலையில் கல்லை ஏற்றினார்கள். சூட்டுச் சாம்பலைப் பையில் போட்டு முகத்தில் கட்டினார்கள். "நாங்கள் ராமேசுவர யாத்திரிகர்கள். போனவர்கள் வழியில் சேர்ந்துகொண்டவர்கள். அவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாது" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், கண்டோ பல்லாளின் தகப்பனார் பாலாஜி ஆவ்ஜி சிவாஜியின் சிட்னிஸாக, அதாவது கடிதங்களை எழுதும் பெரிய உத்தியோகஸ்தராக இருந்தவர். சதி செய்தார் என்ற சந்தேகத்தில் 1681-இல் சாம்பாஜி அவரை யானைக் காலால் இடறச் செய்தார். அந்தத் தகப்பனின் பிள்ளைதான், அந்த அண்ணனின் தம்பிக்காக முகத்தில் சாம்பல் பையைக் கட்டிக்கொண்டது. நம்முடைய பங்காளிச் சண்டைகளை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் கடைசியில், அப்போது மராட்டியர் வசமிருந்த வேலூருக்கு ராஜாராம் வந்து சேர்ந்தார். நவம்பர் முதல் வாரத்தில் செஞ்சி. அங்கே நிர்வாகத்தை நடத்தி வந்த ஹர்ஜி மகாதிக் சற்று முன்னால்தான் இறந்திருந்தார். அவர் மனைவி அம்பிகாபாய், ராஜாராமின் மாற்றாந்தாய் வயிற்று அக்காள். கோட்டையை விட்டுக் கொடுக்க அவளுக்கு முதலில் மனமில்லை. காவல்வீரர்களோ மன்னர் பக்கம் சாய்ந்தார்கள். பிறகு கதவு திறந்தது.

இந்த இடத்தில் நானும் என்னோடு வந்த நண்பரும் ராஜகிரி உச்சிக்குக் கீழே இருக்கும் பிளவை அடைந்தோம். மலையே அங்கே இரண்டாக வெட்டுண்டு கிடக்கிறது. அகலம் 24 அடி, ஆழம் 60 அடி என்கிறார்கள். மேலே ஒரு பாலம். அந்தக் காலத்தில் இது எடுத்து விடக்கூடிய மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால், அப்பால் சில பேர் நின்றுகொண்டு ஒரு பெரும் சேனையையே தடுக்கலாம். இப்படிப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்த 19 வயதுப் பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டிருப்பார். இனிமேல் பயமில்லை என்று நினைத்திருப்பார்.

பயம் இல்லாமல் போனதுதான் வினை என்று எனக்குத் தோன்றுகிறது.

ராய்கட்டைப் பிடித்த அதே ஜுல்பிகார் கான் 1690 செப்டம்பரில் செஞ்சியின் முன்னால் வந்து இறங்கினார். முற்றுகை ஏழு வருஷத்துக்கு மேல் நடந்தது. கோட்டைக்குள் காசு இல்லை. அதே 1690-இல் கடலூர்ப் பக்கத்துத் தேவனாம்பட்டினம் கோட்டையை ராஜாராமின் அரசாங்கம் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையில் உள்ள ஊர்களும் விலையில் சேர்த்தி. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்துவிட்டது. செஞ்சியின் பசி, கடற்கரையில் கம்பெனிக்குக் காணியாயிற்று.

1692 முடிவில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வடக்கேயிருந்து குதிரைப் படைகளோடு வந்தார்கள். சந்தாஜி காஞ்சிபுரத்து முகலாய அதிகாரி அலிமர்தான் கானைச் சிறைப்பிடித்தார். முற்றுகை போட்டவர்களே முற்றுகைக்குள் அகப்பட்டார்கள். அடைமழை, பஞ்சம், வடக்கேயிருந்து கடிதமில்லை. ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியம் பேசுகிறார் என்று சொல்லி, அவருடைய தளபதிகளே அவரைக் காவலில் வைத்தார்கள். 1693 ஜனவரியில் ஜுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். ராஜாராமின் வாழ்க்கையில் உச்சிவெயில் நேரம் அதுதான்.

ஆனால் வெளியே எதிரி தளர்ந்தபோது உள்ளே பூசல் வளர்ந்தது. சந்தாஜிக்கும் தனாஜிக்கும் ஆகவில்லை. யார் பெரியவர், யாருக்குச் சேனாபதிப் பட்டம் என்ற பேச்சு. முகலாயரிடமிருந்து இனிமேல் மீட்கவேண்டிய நிலங்களைக்கூட ராஜாராம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஓலை. ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு கணக்கு. 1696-இல் இருவரும் ஒருவரோடொருவர் போர் புரிந்தார்கள். ராஜாராம் தனாஜி பக்கம் நின்றார், சந்தாஜி வென்றார். வென்றும் நிலைக்கவில்லை. 1697-இல், தம் இனத்தவனான நாகோஜி மானே என்பவன் கையாலேயே சந்தாஜி மாண்டார். எந்தப் பெயரைக் கேட்டாலே முகலாயத் தளபதிகள் நடுங்கினார்களோ, அந்தப் பெயரை முகலாயர் அழிக்கவில்லை.

காட்டு வழியில் யாரும் பெரியவராக இருக்கமுடியாது. சத்திரத்தில் காலைக் கழுவிக்கொண்டதே ஆபத்தாக முடிந்தது அல்லவா? அங்கே 'நான் பின்னால் நிற்கிறேன், நீ போ' என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கோட்டைக்குள் வந்த பிறகு 'நான் முன்னால் நிற்கிறேன், நீ போ' என்ற பேச்சு வந்தது. 24 அடிப் பிளவு எதிரியைத் தடுக்கும். இந்தப் பேச்சை எந்தப் பிளவும் தடுக்காது.

1697 கடைசியில் ராஜாராம் மறுபடியும் தப்பவேண்டி வந்தது. அப்போதும் வழி செய்தவர் கண்டோ பல்லாள்தான். முகலாயர் சேனையில் கணோஜி சிர்கே என்ற மராட்டியர் இருந்தார், யேசுபாயின் சகோதரர். அவர் கண்ணை மூடிக்கொண்டால் ராஜாராம் வெளியேறலாம். கண்ணை மூடுவதற்கு விலை கேட்டார். கொங்கணத்துத் தாபோலில் கண்டோ பல்லாளுக்கு இருந்த பரம்பரை உரிமை வேண்டும் என்றார். கண்டோ பல்லாள் அதை எழுதிக் கொடுத்துவிட்டார் என்பது மராட்டிய மரபு. முகத்தைக் கொடுத்தவருக்குக் காணியைக் கொடுப்பதா பெரிது?

ராஜாராம் வேலூர் வழியாகத் தப்பி மராட்டிய நாடு போய்ச் சேர்ந்தார். 1698 தொடக்கத்தில் செஞ்சி விழுந்தது. வெற்றி பெற்ற தளபதியின் 'நுஸ்ரத்' என்ற விருதைச் சேர்த்துக் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஊரார் யாரும் அப்படி அழைக்கவில்லை. 1700 மார்ச்சில், முப்பதாவது வயதில், சிம்மகட்டில் ராஜாராம் காலமானார். மனைவி தாராபாய் போரைத் தொடர்ந்தாள். ஔரங்கசீப் தக்காணத்திலேயே 1707-இல் மறைந்தார். செஞ்சி பிடிபடாமல் நின்ற அந்த ஏழெட்டு வருஷங்கள்தான் மராட்டிய ராஜ்யம் மூச்சு விடுவதற்குக் கிடைத்த அவகாசம்.

இவ்வளவும் நடந்த ஊரில் ராஜாராமின் பெயரைச் சொல்லுவார் அதிகமில்லை. செஞ்சி என்றால் நம் ஜனங்களுக்குத் தேசிங்குராஜன்தான். அதில் தவறொன்றும் இல்லை. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் பெரிய சேனையைச் சிறிய படையோடு எதிர்த்து மாண்ட இளைஞன் அவன். அந்தக் கதைப் பாட்டிலும் ஜனங்களின் கண்ணில் நீரை வரவழைப்பது தேசிங்கு மட்டும் அல்ல. கல்யாணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நண்பனுக்காகப் போருக்கு வந்து விழுந்த மகபத்கான்தான். அரசர்களை மறந்தாலும் மறப்பார்கள், கூட நின்றவனை நம் ஜனங்கள் மறப்பதில்லை. 2025-இல் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் சேர்ந்த ஒரே கோட்டை செஞ்சி. இனிமேல் ராஜாராமின் பெயரும் இந்தப் படிகளில் கொஞ்சம் கேட்கலாம். கண்டோ பல்லாளின் பெயரும் கேட்டால் எனக்குத் திருப்தி.

உச்சியில் நின்று பார்த்தோம். கிழக்கே வெகுதூரம் சமவெளி. கீழே கல்யாண மகால், களஞ்சியங்கள், குளங்கள், வெங்கடரமணர் கோயில். அப்பால், காய்ந்த வயல்களுக்கு நடுவே, வெள்ளையாக மணல் கோடு ஒன்று வளைந்து சென்றது. எங்கள் ஆறு!

இறங்கி வந்தபோது இரண்டு நண்பர்களும் அதே கல்லின்மேல் இருந்தார்கள். குரங்குகள் பையைத் தொடவில்லை. தோணி நண்பர் சுவரில் சாய்ந்து சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆசிரியர் விழித்திருந்தார்.

"மேலே எப்படி இருக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

சொன்னேன். பிளவு, பாலம், மணல் கோடு எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பையனுக்கு இதே இடத்தில் மயக்கம் வந்துவிட்டது. அன்றைக்கும் நான் இங்கேயே இருந்துவிட்டேன்" என்றார்.

பிறகு தோணி நண்பரை எழுப்பி, கையைப் பிடித்து, படிப்படியாக இறக்கிக்கொண்டு போனார்.